நமக்காக நின்ற மருத்துவர்கள்: கொரோனா பறித்த உயிர்களும் நம் மீதுள்ள கடமையும்



மருத்துவ உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் விண்ணப்பங்களைப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகத் தெரியும். திருச்சியிலோ தஞ்சாவூரிலோ எடுத்த ஸ்கேன், ரத்தப் பரிசோதனை என்று எத்தனை தாள்கள் இருந்தாலும், முதல் சீட்டு பெரும்பாலும் நம் ஊர் டாக்டர் எழுதியதாகவே இருக்கும். பெரம்பலூர் ஆனாலும் ஜெயங்கொண்டம் ஆனாலும், லப்பைக்குடிக்காடு ஆனாலும் வி.களத்தூர் ஆனாலும், காய்ச்சல் என்றதும் நாம் போவது பக்கத்துத் தெருவில் உள்ள கிளினிக்குக்குத்தான். 'கைராசி டாக்டர்' என்று நாம் சொல்லும் அந்த மனிதர்தான் கொரோனா காலத்தில் அதிக ஆபத்தில் உட்கார்ந்திருந்தார் என்பதைப் பலர் இன்னும் அறியவில்லை.

கொரோனா வந்து ஆறு ஆண்டுகளாகின்றன. முகக்கவசத்தைக் கழற்றிவிட்டோம், நிவாரணப் பணிகளின் கணக்கை முடித்துவிட்டோம். ஆனால் அந்தக் காலத்தில் உயிர்விட்ட மருத்துவர்களின் கணக்கு இன்னும் முடியவில்லை. எத்தனை பேர் இறந்தார்கள், ஏன் அவர்கள் இறந்தார்கள், அவர்கள் குடும்பங்களுக்கு என்ன கிடைத்தது, இன்னொரு நோய் வந்தால் நாம் என்ன செய்ய வேண்டும் என்பதை இந்தக் கட்டுரையில் விளக்க முயல்கிறோம். மருத்துவர்களைப் பற்றிப் பேசினாலும், செவிலியர், லேப் பணியாளர், 108 வாகன ஊழியர், மருத்துவமனையைச் சுத்தம் செய்தவர் எல்லோருக்கும் இது பொருந்தும்.

எத்தனை பேர்?

2020 ஜனவரி முதல் 2021 மே வரை உலகம் முழுவதும் சுமார் 1,15,500 மருத்துவப் பணியாளர்கள் கொரோனாவால் இறந்திருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. 80,000 முதல் 1,80,000 வரை இருக்கலாம் என்றும், நடுவில் உள்ள எண் இது என்றும் அது விளக்கியது. உலக சுகாதார நிறுவனமே இவ்வளவு பெரிய இடைவெளியோடு பேச வேண்டியிருந்தது என்றால், பல நாடுகளில் இதைச் சரியாக எண்ணிவைக்க ஆளில்லை என்று பொருள்.

நம் நாட்டிலும் அதே கதைதான். 2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் இது பற்றிக் கேள்வி எழுந்தபோது, சுகாதாரம் மாநிலங்களின் பொறுப்பு என்பதால் இத்தகைய விவரம் மத்திய அளவில் பராமரிக்கப்படவில்லை என்று பதில் வந்தது. உடனே இந்திய மருத்துவ சங்கம், அதாவது ஐ.எம்.ஏ., 382 மருத்துவர்களின் பட்டியலை வெளியிட்டது. அதில் 27 வயது இளைஞரும் இருந்தார், 85 வயது முதியவரும் இருந்தார். 2021 பிப்ரவரியில் மத்திய அரசு மாநிலங்களவையில் கொடுத்த எண்ணிக்கை 162 மருத்துவர்கள், 107 செவிலியர்கள், 44 ஆஷா பணியாளர்கள். அந்தச் சமயத்தில் ஐ.எம்.ஏ. வைத்திருந்த பட்டியலில் 730க்கும் மேற்பட்ட மருத்துவர்கள் இருந்தார்கள். முதல் அலையில் மொத்தம் 748 பேர் என்றும், இரண்டாம் அலையில் 2021 ஜூன் இறுதி வரை 798 பேர் என்றும் அந்தச் சங்கம் பின்னர் கூறியது. இரண்டாம் அலையில் டெல்லியில் 128 பேர், பீகாரில் 115 பேர், தமிழ்நாட்டில் 51 பேர்.

இந்த எண்கள் ஏன் இவ்வளவு வேறுபடுகின்றன? அரசு மருத்துவமனையில் பணியாற்றியவர் இறந்தால் அது பதிவேட்டில் ஏறும். சொந்த கிளினிக் வைத்திருந்தவர் இறந்தால், அவர் பணியின்போது நோய் தொற்றி இறந்தாரா, வேறெங்காவது தொற்றியதா என்று யாரும் விசாரிப்பதில்லை. அவர் சாதாரண கொரோனா மரணங்களில் ஒருவராகச் சேர்ந்துவிடுவார். இந்த வேறுபாடு வெறும் காகிதக் கணக்கோடு நிற்கவில்லை. பின்னால் இழப்பீடு கேட்டுப் போன குடும்பங்களின் வயிற்றில் அடித்ததும் இதுதான்.

இறந்தவர்கள் யார்?

2020 ஆகஸ்ட் மாதம் ஐ.எம்.ஏ. பிரதமருக்கு ஒரு கடிதம் எழுதியது. அதுவரை 196 மருத்துவர்கள் இறந்திருந்தார்கள். அவர்களில் 170 பேர் 50 வயதைக் கடந்தவர்கள். சுமார் 40 சதவீதம் பேர் பொது மருத்துவர்கள், அதாவது நாம் 'எம்.பி.பி.எஸ். டாக்டர்' என்று சொல்லும் கிளினிக் மருத்துவர்கள். மாநிலவாரியாகப் பார்த்தால் தமிழ்நாட்டில்தான் அதிகம் என்றும் 43 பேர் என்றும் அந்தப் பட்டியல் சொன்னது. அன்றைய மாநில சுகாதாரத்துறை அமைச்சர் இந்த எண்ணிக்கையை மறுத்தார் என்பதையும் இங்கே பதிவு செய்கிறோம்.

பலர் நினைப்பது வேறு. வெள்ளை உடை முழுக்கப் போர்த்திக்கொண்டு தீவிர சிகிச்சைப் பிரிவில் நின்ற மருத்துவர்தான் அதிக ஆபத்தில் இருந்தார் என்று தொலைக்காட்சியைப் பார்த்து நாம் எண்ணிக்கொண்டோம். அவருக்கும் ஆபத்து இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அவர் எதிரில் இருப்பது கொரோனா நோயாளி என்று அவருக்குத் தெரியும். கவச உடை இருந்தது, நேரம் பார்த்துப் பணி மாற்றம் இருந்தது. கிளினிக் மருத்துவருக்கோ எதிரில் வந்து உட்காருபவருக்கு என்ன நோய் என்றே தெரியாது. காய்ச்சல் என்று ஒருவர் முதலில் வந்து நிற்பது அவரிடம்தான்.

ஏன் அவர்களைத் தாக்கியது?

இதைக் கொஞ்சம் விரிவாகப் புரிந்துகொள்வது நல்லது. அடுத்த முறை எதை மாற்ற வேண்டும் என்பது இதிலிருந்துதான் தெரியும்.

முதல் காரணம் காற்று. தொடக்கத்தில் இருமல், தும்மலில் தெறிக்கும் துளிகளாலும் தொட்ட பொருள்களாலும்தான் நோய் பரவுகிறது என்று நம்பி, கை கழுவுவதிலேயே கவனம் செலுத்தினோம். ஆனால் பேசும்போதும் மூச்சுவிடும்போதும் வெளிவரும் மிக நுண்ணிய துளிகள் அடைத்த அறையில் வெகுநேரம் மிதக்கும் என்பது பின்னர் உறுதியானது. நம் ஊர்க் கிளினிக்குகளை நினைத்துப் பாருங்கள். கடைத்தெருவில் பத்துக்குப் பத்து அறை, ஒரே ஒரு வாசல், ஜன்னல் இருந்தாலும் ஏ.சி.க்காக மூடியிருக்கும். வெளியே பெஞ்சில் டோக்கன் வாங்கி இருபது பேர். மாலை ஆறு மணிக்கு உட்கார்ந்தால் இரவு பத்து மணி வரை மருத்துவர் அந்தக் காற்றையே சுவாசிக்கிறார். நோயாளி ஐந்து நிமிடம் இருந்துவிட்டுப் போகிறார், மருத்துவர் ஐம்பது நோயாளிகளின் மூச்சுக்காற்றில் இருக்கிறார்.

இரண்டாவது, நோய் வெளியே தெரிவதற்கு முன்பே பரவியது. காய்ச்சல் தொடங்குவதற்கு ஓரிரு நாள் முன்பே ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்ற முடிந்தது. சர்க்கரை மாத்திரை எழுதி வாங்க வந்தவரும், முழங்கால் வலிக்கு வந்தவரும் தம்மை அறியாமலே நோயைக் கொண்டுவந்திருக்கக்கூடும்.

மூன்றாவது வயது. சிற்றூர்களில் கிளினிக் நடத்துபவர்களில் பலர் ஐம்பது, அறுபது வயதைக் கடந்தவர்கள். அவர்களில் பலருக்கே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. இந்த நோய் யாரைக் கடுமையாகத் தாக்குமோ அந்த வயதிலும் அந்த உடல்நிலையிலும் அவர்கள் இருந்தார்கள்.

நான்காவது, கவசம் இல்லாமை. 2020 மார்ச், ஏப்ரலில் என்-95 முகக்கவசம் கடையில் கிடைக்கவில்லை. கிடைத்தாலும் விலை பல மடங்கு. பெரிய மருத்துவமனைகளுக்குக் கொள்முதல் வசதி உண்டு. தனி ஆளாகக் கிளினிக் நடத்துபவர் துணி முகக்கவசத்தையும், ஒரே என்-95ஐ நாள் கணக்கில் திரும்பத் திரும்பவும் பயன்படுத்தினார்.

ஐந்தாவது காரணம் நம்மைச் சேர்ந்தது. சென்னையிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வந்ததை மறைத்தவர்கள் உண்டு. வாசனை தெரியவில்லை என்பதைச் சொன்னால் முகாமுக்கு அனுப்பிவிடுவார்கள், வீட்டில் தகரம் அடித்துவிடுவார்கள் என்று பயந்து 'வெறும் உடம்பு வலி, ஒரு ஊசி போடுங்க' என்று கேட்டவர்கள் உண்டு. அந்தப் பயத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டோம். தெருவே ஒதுக்கிவைத்த குடும்பங்களை நாம் பார்த்தோம். 2020 ஏப்ரலில் நம் சமுதாயத்தின் மீதே நோயைப் பரப்பியவர்கள் என்ற பழி சுமத்தப்பட்டதும் மறக்கக்கூடியதல்ல. நோயாளியைக் குற்றவாளியாக நடத்தினால் அவர் நோயை மறைப்பார். மறைத்த நோய் முதலில் போய்ச் சேருவது மருத்துவரிடம்.

நம் இரண்டு மாவட்டங்களில்

2011 கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் மாவட்டத்தில் சுமார் 5.65 லட்சம் பேர், அரியலூர் மாவட்டத்தில் சுமார் 7.55 லட்சம் பேர். ஆக 13 லட்சம் மக்களுக்குக் கொரோனா வந்தபோது இரண்டு மாவட்டங்களிலும் ஓர் அரசு மருத்துவக் கல்லூரிகூட இயங்கவில்லை. அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில்தான் திறக்கப்பட்டது. அரசு மருத்துவமனைகளும் சிறுவாச்சூரில் உள்ள தனியார் மருத்துவக் கல்லூரியும் இருந்தன. அதற்கு மேல் என்றால் திருச்சி அல்லது தஞ்சாவூர். இப்படிப்பட்ட இடத்தில் கிளினிக் மருத்துவர்மீது விழும் பாரம் மற்ற ஊர்களைவிட அதிகம்.

2020 மே மாதத் தொடக்கத்தை நினைவில் கொண்டுவாருங்கள். கோயம்பேடு சந்தையில் நோய் பரவி, மே 5ஆம் தேதி சந்தை மூடப்பட்டது. அங்கே மூட்டை தூக்கியும் கடைகளில் வேலை செய்தும் பிழைத்த நம் பகுதிப் பிள்ளைகள் லாரிகளிலும் லோடு வண்டிகளிலும் ஏறி ஊர் வந்து சேர்ந்தார்கள். அரியலூர், பெரம்பலூர், கடலூர், விழுப்புரம் மாவட்டங்களில் எண்ணிக்கை திடீரென்று ஏறியது. அதுவரை விரல்விட்டு எண்ணும் அளவில் நோயாளிகள் இருந்த அரியலூரில் ஒரே நாளில் நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு நோய் உறுதியானது. அவர்களில் பெரும்பாலோருக்குக் காய்ச்சலோ இருமலோ இல்லை. பரிசோதனை செய்யாமல் விட்டிருந்தால் அவர்களுக்கே தெரிந்திருக்காது. அந்த வாரங்களில் நம் ஊர்களில் கிளினிக்கைத் திறந்துவைத்தவர்கள் என்ன துணிச்சலில் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை இப்போது யோசித்தால் புரியும்.

அனுபவம் உள்ள ஒரு மருத்துவர் இறந்தால் ஊர் என்ன இழக்கிறது? எம்.பி.பி.எஸ். படிப்புக்கே பயிற்சியோடு ஐந்தரை ஆண்டுகள். அதற்குமேல் முப்பது ஆண்டு அனுபவம். எந்த வீட்டில் யாருக்குச் சர்க்கரை, எந்தப் பிள்ளைக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, யாரிடம் ஃபீஸ் வாங்கக் கூடாது என்பதெல்லாம் அவர் மனதில் இருக்கும். அவர் இடத்துக்கு இன்னொருவர் வரலாம், அந்த அறிவு வராது. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட அவர் ஒருவர் கண்டிப்புக்குப் பயந்தவர்கள் அதன்பின் மாத்திரையையே விட்டுவிடுகிறார்கள். அந்த வகையில் ஒரு மருத்துவரின் மரணம் பல ஆண்டுகளுக்கு ஊரில் வேறு மரணங்களுக்கும் காரணமாகிறது.

மண்ணும் மறுக்கப்பட்டபோது

2020 ஏப்ரலில் சென்னையில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நெல்லூரைச் சேர்ந்த ஒரு மருத்துவர் சென்னையில் சிகிச்சை பலனின்றி இறந்தபோது, அம்பத்தூர் மயானத்தில் அவர் உடலைத் தகனம் செய்ய எதிர்ப்பு எழுந்தது. சில நாட்களில், ஏப்ரல் 19ஆம் தேதி, நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர் டாக்டர் சைமன் ஹெர்குலிஸ் 55 வயதில் இறந்தார். கீழ்ப்பாக்கத்தில் அடக்கம் செய்ய முடியாமல் அண்ணாநகர் வேலங்காடு மயானத்துக்கு உடலைக் கொண்டுசென்றார்கள். அங்கே கூட்டம் கூடிக் கல்லாலும் கட்டையாலும் தாக்கியது. ஆம்புலன்ஸ் கண்ணாடி உடைந்தது, ஊழியர்களின் மண்டை உடைந்தது. மனைவியும் மகனும் உடலை விட்டு விலக வேண்டியதாயிற்று. அவருடைய நண்பர் டாக்டர் பிரதீப் குமார் தாமே ஆம்புலன்ஸை ஓட்டிக்கொண்டு திரும்பிவந்து, நள்ளிரவுக்குப் பின் மருத்துவமனை ஊழியர் இருவருடன், போலீஸ் காவலில், தம் கையாலேயே மண்ணைத் தள்ளி அடக்கம் செய்தார். கீழ்ப்பாக்கம் கல்லறையில்தான் தம்மை அடக்க வேண்டும் என்பது டாக்டர் சைமனின் கடைசி விருப்பம். அதற்காக அவர் மனைவி நீதிமன்றம் வரை போக நேர்ந்தது.

ஜனாஸாவின் மரியாதையை அறிந்த சமுதாயம் நாம். இந்தச் செய்தி நம்மை எப்படிச் சுட்டிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. அந்த எதிர்ப்புக்கு அறிவியல் காரணமும் இல்லை. இந்த நோய் முக்கியமாக மூச்சின் வழியே பரவுவது. முறைப்படி பையில் சுற்றி ஆழமாகப் புதைத்த உடல் மூச்சுவிடுவதில்லை. உடலை எப்படிக் கையாளலாம் என்ற வழிமுறைகளை மத்திய சுகாதார அமைச்சகம் 2020 மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அடக்கம் செய்வதையும் அது அனுமதித்திருந்தது.

இந்தச் சம்பவங்களுக்குப் பிறகு சட்டம் கடுமையானது. மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவோருக்கு எதிராக மத்திய அரசு ஏப்ரல் 22 அன்று கொள்ளைநோய்ச் சட்டத்தைத் திருத்தி அவசரச் சட்டம் கொண்டுவந்தது. மூன்று மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை, கொடுங்காயம் என்றால் ஏழு ஆண்டு வரை. ஏப்ரல் 26 அன்று தமிழ்நாடு அரசு, அறிவிக்கப்பட்ட தொற்றுநோயால் இறந்தவரின் அடக்கத்தையோ தகனத்தையோ தடுப்பவர்களுக்குக் குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் மூன்றாண்டு சிறை என்று அவசரச் சட்டம் இயற்றியது. சட்டம் தன் வேலையைச் செய்தது. அதோடு, தமுமுக போன்ற அமைப்புகளின் தொண்டர்கள் தமிழ்நாடெங்கும் சாதி மதம் பாராமல் கொரோனாவில் இறந்தவர்களின் உடல்களை அவரவர் முறைப்படி அடக்கமும் தகனமும் செய்துகொடுத்தார்கள். சட்டத்தால் முடியாத வேலை அது.

மார்க்கம் இதை எப்படிப் பார்க்கிறது?

ஹிஜ்ரி 18இல் பாலஸ்தீனப் பகுதியில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவியது. ஷாம் நாட்டுக்குப் புறப்பட்ட கலீஃபா உமர் (ரலி) அவர்கள் சர்ஃக் என்ற இடத்தில் செய்தி அறிந்து, தோழர்களோடு ஆலோசித்துத் திரும்பினார்கள். அங்கே ஆளுநராக இருந்த அபூ உபைதா (ரலி) அவர்கள் மக்களை விட்டு வராமல் அங்கேயே தங்கி, அதே நோயில் மறைந்தார்கள். ஒருவர் திரும்பினார், ஒருவர் தங்கினார். இரண்டும் சரியே. வெளியில் இருப்பவர் உள்ளே போகாமலிருப்பதும், உள்ளே பொறுப்பில் இருப்பவர் விட்டு ஓடாமலிருப்பதும் ஒரே பாடத்தின் இரு பக்கங்கள். கொரோனா காலத்தில் நாம் வீட்டுக்குள் இருந்தோம், மருத்துவர் கிளினிக்கில் இருந்தார். இந்த ஒப்பீட்டை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யா உலூமித்தீனில் மருத்துவக் கல்வியை ஃபர்ளு கிஃபாயாவில் சேர்த்துள்ளார்கள். மருத்துவர் இல்லாத ஊர்கள் இருக்க, எல்லோரும் ஃபிக்ஹு படிப்பின் பக்கமே விரைகிறார்களே என்று வருந்தியும் இருக்கிறார்கள். ஃபர்ளு கிஃபாயா என்றால் நமக்குத் தெரியும்: சிலர் செய்தால் எல்லோர் மீதிருந்தும் கடமை நீங்கும், யாருமே செய்யாவிட்டால் எல்லோரும் குற்றவாளிகள். அப்படியானால் நம் ஊர் மருத்துவர் எந்த மதத்தவராக இருந்தாலும், ஊரார் எல்லோர் தலையிலும் இருந்த சுமையைத் தாம் ஒருவராகச் சுமந்தார். சுமந்தவரைக் காப்பது மற்றவர்களின் கடமையாகிறது.

நம் சமுதாயத்திலும் இத்தகைய தியாகிகள் உண்டு. 2014இல் சியரா லியோன் நாட்டில் எபோலா பரவியபோது அங்கு சிகிச்சைக்குத் தலைமை தாங்கிய டாக்டர் ஷேக் உமர் கான் அதே நோயில் இறந்தார். கொரோனாவில் பிரிட்டனில் முதலில் உயிரிழந்த நான்கு மருத்துவர்களும் முஸ்லிம்களே. நம் பக்கத்து மாநிலமான கேரளாவில் 2018இல் நிபா நோயாளியைக் கவனித்த செவிலியர் லினி, இரண்டு சிறு பிள்ளைகளை விட்டுவிட்டு இறந்தார். நாடும் மதமும் வேறு, செய்த வேலை ஒன்று.

தடுப்பூசி செய்த வேலை

2021 ஜனவரி 16 அன்று தடுப்பூசி தொடங்கியபோது முதலில் கொடுக்கப்பட்டது மருத்துவப் பணியாளர்களுக்கே. அது பயன் தந்ததா என்பதற்கு நம் மாநிலத்திலேயே நல்ல ஆதாரம் உள்ளது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் சுமார் 10,600 ஊழியர்கள். அவர்களில் 8,991 பேர் 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஊசி போட்டுக்கொண்டார்கள். இரண்டாம் அலையில் அவர்களைக் கணக்கெடுத்தபோது, இரண்டு ஊசியும் போட்டவர்களுக்கு நோய் தொற்றுவதிலிருந்து 65 சதவீதம், மருத்துவமனையில் சேரும் நிலையிலிருந்து 77 சதவீதம், தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போகும் நிலையிலிருந்து 94 சதவீதம் பாதுகாப்பு கிடைத்திருந்தது. இறந்த ஊழியர் ஒரே ஒருவர். அவர் ஊசி போடாதவர், வேறு நோய்களும் உள்ளவர்.

ஊசி போட்டால் நோயே வராது என்று யாரும் சொல்லவில்லை. வந்தாலும் உயிர் தப்பும் வாய்ப்பைப் பல மடங்கு கூட்டும் என்பதுதான் செய்தி. அன்று நம் மஹல்லாக்களில் வாட்ஸ்அப் வதந்திகளால் பலர் தயங்கினார்கள். ஊசி குறைவாகப் போட்ட ஊரில் நோய் கடுமையாகும், கடுமையான நோயாளி மருத்துவரிடம்தான் போவார். நாம் போட்டுக்கொள்ளும் ஊசி மருத்துவருக்கும் பாதுகாப்பு என்பதை அடுத்த முறையாவது மனதில் வைப்போம்.

குடும்பங்களுக்கு என்ன கிடைத்தது?

2020 மார்ச் 30 முதல், கொரோனா பணியில் இறக்கும் மருத்துவப் பணியாளரின் குடும்பத்துக்கு 50 லட்சம் ரூபாய் காப்பீடு என்று மத்திய அரசு அறிவித்தது. தமிழ்நாடு அரசு 2021 மே மாதம், பணியில் இருந்தபோது இறந்த 43 மருத்துவப் பணியாளர்களின் குடும்பங்களுக்குத் தலா 25 லட்சம் ரூபாய் அறிவித்தது. அரசுப் பணியில் இருந்தவர்களுக்கு இவை ஓரளவு போய்ச் சேர்ந்தன.

சிக்கல் கிளினிக் மருத்துவர்களுக்குத்தான். தனியார் மருத்துவர் என்றால் அவர் சேவையை அரசு கேட்டுப் பெற்றிருக்க வேண்டும், அதற்கு உத்தரவு எங்கே என்று கேட்டு விண்ணப்பங்கள் திருப்பப்பட்டன. நவி மும்பையில் கிளினிக் வைத்திருந்த ஒரு மருத்துவரின் குடும்பம் இதில் முன்னோடி வழக்கு நடத்தியது. கிளினிக்கை மூடக் கூடாது என்று மாநகராட்சி அறிவித்ததால் திறந்துவைத்தார், 2020 ஜூனில் கொரோனாவில் இறந்தார். காப்பீடு மறுக்கப்பட்டது. மும்பை உயர் நீதிமன்றமும் மனைவியின் மனுவைத் தள்ளியது. கடைசியில் 2025 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம், அந்நாளைய சட்டங்களையும் அறிவிப்புகளையும் பார்த்தால் மருத்துவர்களின் சேவையை அரசு பெற்றுக்கொண்டது தெளிவு, ஒவ்வொருவருக்கும் தனி உத்தரவு இருந்திருக்க வேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தது. ஆனால் கொரோனா தொடர்பான பணியின்போதுதான் இறந்தார் என்பதை நம்பத்தகுந்த ஆதாரத்தோடு காட்டும் பொறுப்பு குடும்பத்துக்கு உண்டு, ஒவ்வொரு விண்ணப்பமும் அதன் ஆதாரத்தை வைத்து முடிவாகும் என்றும் கூறியது.

இது நம் வாசகர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டிய செய்தி. மருத்துவரை இழந்து, விண்ணப்பம் திரும்பிவந்த குடும்பம் உங்களுக்குத் தெரிந்தால் இதைச் சொல்லுங்கள். இறப்புச் சான்று, ஆர்.டி.-பி.சி.ஆர். முடிவு, மருத்துவமனைச் சீட்டுகள், கிளினிக்கின் நோயாளிப் பதிவேடு, அக்காலத்தில் நிர்வாகம் அனுப்பிய சுற்றறிக்கை எது இருந்தாலும் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. மனு எழுதுவதற்கும் ஆவணங்களை ஒழுங்கு செய்வதற்கும் நம் அறக்கட்டளை அலுவலகத்தை அணுகலாம். எந்த மதத்தவரானாலும் கட்டணம் எதுவும் இல்லை.

நாம் செய்ய வேண்டியவை

1. காய்ச்சல், இருமல் என்றால் கிளினிக்குக்குப் போகும் முன் போனில் சொல்லுங்கள். முகக்கவசம் போட்டுக்கொண்டு போங்கள். துணைக்கு ஒருவர் போதும், குடும்பமே போக வேண்டாம். இது கொரோனாவுக்கு மட்டுமல்ல, ஃப்ளூ, காசநோய் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

2. எங்கிருந்து வந்தீர்கள், வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று மருத்துவர் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். உண்மை சொன்னவரை ஒதுக்கிவைக்க மாட்டோம் என்ற உறுதியை ஒவ்வொரு மஹல்லாவும் தர வேண்டும். அவர் வீட்டுக்குச் சாப்பாடு, மருந்து போய்ச் சேர ஜமாஅத் பொறுப்பேற்க வேண்டும்.

3. தொற்றுநோய்க் காலத்தில் கிளினிக் வாசலில் பந்தல் போட்டு, நாற்காலி தள்ளிப் போட்டு, காத்திருப்பவர்களை வெளியே காற்றோட்டமாக உட்கார வைக்க நம் இளைஞர்கள் உதவலாம். ஜன்னலைத் திறந்துவைக்கும்படி மருத்துவரிடம் அன்போடு கேட்கலாம். செலவு மிகக் குறைவு, பயன் பெரிது.

4. ஒவ்வொரு ஜமாஅத்தின் பைத்துல்மாலிலும் ஒரு சிறு தொகையை ஒதுக்கி என்-95 முகக்கவசமும் ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவியும் இருப்பு வைக்கலாம். தட்டுப்பாடு வரும்போது ஊர் மருத்துவருக்கும் செவிலியருக்கும் முதலில் கொடுக்கலாம்.

5. அரசு அறிவிக்கும் தடுப்பூசிகளைத் தவறாமல் போட்டுக்கொள்வோம். சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம் கேட்போம், அல்லது 104 எண்ணை அழைப்போம்.

6. சிகிச்சை பலனளிக்காத துயரத்தில் மருத்துவமனையில் கைநீட்டுவது, பொருளை உடைப்பது எந்த நிலையிலும் கூடாது. 2008ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டப்படி அது ஜாமீன் கிடைக்காத குற்றம். மார்க்கப்படியும் அநீதி. புகார் இருந்தால் எழுத்தில் கொடுப்போம்.

7. ஜனாஸாவுக்கு ஒவ்வொரு ஊரிலும் பயிற்சி பெற்ற ஐந்தாறு பேர் இருக்கட்டும். கவச உடையை அணியும் முறை, கழற்றும் முறை இரண்டையும் சுகாதாரத் துறையினரிடம் கற்றுக்கொள்ளட்டும். கழற்றும்போதுதான் ஆபத்து அதிகம். எந்தச் சமயத்தவர் உடலானாலும் மயானப் பாதையில் தடை வராமல் பார்த்துக்கொள்வோம்.

8. நம் பிள்ளைகள் மருத்துவர்களாக, செவிலியர்களாக வர வேண்டும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீடும், பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத ஒதுக்கீடும் உள்ளன. அரியலூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. செவிலியர் படிப்புக்குப் பெண் பிள்ளைகளை அனுப்பத் தயங்கும் பெற்றோரிடம் ஜமாஅத் பெரியவர்கள் பேச வேண்டும்.

இவற்றில் பெரும்பாலானவை பணச் செலவில்லாதவை. எல்லா ஜமாஅத் நிர்வாகிகளும் முத்தவல்லிகளும் வரும் ஜும்ஆவுக்குப் பின் இவற்றை ஊரார் முன் படித்துக் காட்ட வேண்டுகிறோம். இயன்றால் உங்கள் ஊர் மருத்துவரையும் செவிலியர்களையும் அழைத்து, அடுத்த நோய் வந்தால் அவர்களுக்கு ஊரிடமிருந்து என்ன தேவை என்று கேட்டு எழுதிவையுங்கள். நோய் வந்தபின் கேட்க நேரம் இருக்காது.

நமக்காகத் தம்மை ஆபத்தில் நிறுத்தி உயிர்நீத்த அனைவரின் குடும்பங்களுக்கும் வல்ல அல்லாஹ் பொறுமையையும் நல்வாழ்வையும் தருவானாக. இன்று நம் ஊர்களில் பணியாற்றும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் நீண்ட ஆயுளையும் உடல்நலத்தையும் தருவானாக. அவர்களைக் காக்கும் பொறுப்பை உணர்ந்து செயல்படும் மக்களாக நம்மை ஆக்கிவைப்பானாக. ஆமீன்.

— செயலாளர், அறக்கட்டளை நிர்வாகத்துக்காக